ஒன்னைய விட்டா யாரு?

சவரியம்மாளுக்கு மறதி நோய் முற்றியிருந்தது. காலையில் சாப்பிட்டதே நினைவில் இருக்காது. மகனை மட்டும் மறக்கவில்லை.

"ஜெரால்டு எங்கடி?"

"அவன் செத்துட்டான்ம்மா. வண்டி மோதி அங்கேயே போயிட்டான்" என்றாள் மகள் ஷர்லி.

சவரியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்ததும் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இனிமே ஒன்னைய விட்டா யாருடி இருக்கா?"

அரை மணி நேரத்தில் எல்லாம் மறந்துபோகும். மறுபடி அதே கேள்வி, அதே பதில், அதே அழுகை.

அறந்தாங்கியில் அந்த வீட்டுக்கு நர்ஸாக வந்த அன்புமொழிக்கு நான்காம் நாளே பொறுக்கவில்லை.

"அக்கா, அவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் அது புதுச் சாவுக்கா. வெளியூர் போயிருக்கான்னு சொல்லிருங்களேன்."

"பெத்த தாய்கிட்டப் பொய் சொல்லச் சொல்றியா?"

ஷர்லியின் கண்கள் கலங்கின. தம்பியைப் பறிகொடுத்தவளுக்குப் போய்ப் பாடம் நடத்தினோமே என்று அன்புமொழி கூசிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷர்லி குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் விடாமல் அடித்தது. அன்புமொழி எடுத்தாள்.

"நர்ஸுங்களா? நான் ஜெரால்டு, குவைத்துலேருந்து பேசுறேன். அம்மா என்னைய ஒரு தடவையாச்சும் கேட்டாங்களா?"

அவள் வாய் திறப்பதற்குள் ஈரத்தலையோடு ஓடிவந்த ஷர்லி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இல்லடா தம்பி" என்றாள் தழுதழுத்த குரலில். "ஒம் பேரச் சொன்னாக்கூட யாருன்னு கேக்குறாங்க. லீவு போட்டு வந்து என்ன செய்யப் போற?"