இடது சக்கரத்துப் பழம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஓர் எலுமிச்சம்பழத்தின் கதை சொல்கிறேன்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் ராமாயியின் வீட்டுக்காரர் இளையபெருமாள், தம் லாரியின் முன்சக்கரங்களுக்கு வீட்டு வாசலிலேயே புது பேரிங் போட்டார். கிரீஸ் அப்பி, நட்டை இறுக்கி, சக்கரத்தை அசைத்துப் பார்த்தார். ஆட்டமே இல்லை. களத்தில் கிடக்கும் நெல்லை மழைக்கு முன் கொள்முதல் நிலையத்தில் சேர்த்தாக வேண்டும்.

வேலை பார்த்த வண்டியாயிற்றே என்று ராமாயி சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாள். வண்டி ஏறி இறங்கியது. வலப்பக்கத்துப் பழம் கூழானது. இடப்பக்கத்துப் பழத்தின் தோலில் டயர்த் தடம் பதிந்திருந்தது. ஆனால் பழம் முழுசாகவே கிடந்தது.

"இன்னைக்குப் போவாதீங்க."

"நெல்லு நனைஞ்சா உன் பழமா வந்து காயவைக்கும்?" என்று சிரித்துக்கொண்டே அவர் கிளம்பிவிட்டார்.

தூக்கி எறிய மனமில்லாமல் ராமாயி அதை அடுப்படி அலமாரியில் வைத்தாள். உலை கொதிக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். திரும்பினாள். பழம் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. சாறு சொட்டியது. கிரீஸ் வாடை அடித்தது.

அவருக்குப் போன் போட்டாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது.

உங்கள் வீட்டு வண்டிக்கு வைக்கிற பழமெல்லாம் வாசலிலேயே நசுங்கட்டும், கண்ணுகளா. போனவர்கள் பொழுதோடு வந்து சேரட்டும்.