கீழே நின்ற வேன்

"மகராஜா இன்னைக்கும் படியேறி வரமாட்டாராமா?"

சிஸ்டர் கேட்டதும் வகுப்பே சிரித்தது. தனியாக வந்திருந்த கர்ப்பிணி ஒருத்தி தலை குனிந்துகொண்டாள். "கீழ வேன்ல இருக்கார் சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டர் பிரசவ வார்டில் நர்ஸ். விடுமுறை நாட்களில் நூலகத்து மாடியில், அம்மா ஆகப் போகிறவர்களுக்கும் அப்பா ஆகப் போகிறவர்களுக்கும் வகுப்பு எடுப்பார். கைராசிக்காரர் என்று பெயர். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். முதல் நாளே ஒரு ஜோக் அடித்து எல்லாருடைய பயத்தையும் போக்கிவிடுவார்.

அன்றைக்கு அவள் புருஷனான அந்த வேன் டிரைவரும் வந்திருந்தான். ஜோக் முடிந்து எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து கீழே போனவன்தான், அப்புறம் மாடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவன் மகராஜா.

அவன் மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, மிஷின். தையல்காரி என்பதால் மட்டுமில்லை. மூச்சை நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு என்றால், அவளுக்கு மூச்சு தையல் மிஷின் மாதிரி கடகடவென்று ஓடும். கை மரத்துப்போய், தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

பயம்தான் காரணம். பிரசவ அறையிலும் இப்படி ஓடினால் இவள் தாங்கமாட்டாள் என்று சிஸ்டருக்குத் தெரியும். பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ண ஓர் ஆள் வேண்டும். மற்ற பெண்களுக்கெல்லாம் புருஷன் பின்னால் உட்கார்ந்து, முதுகில் உள்ளங்கையை அழுத்தி, கணீரென்று எண்ணினான். இவளுக்குச் சிஸ்டரேதான் எண்ணவேண்டியிருந்தது. என்ன எண்ணியும் அவள் மூச்சு எண்ணிக்கைக்கு முன்னால் ஓடிவிடும்.

"இந்த கிளாஸை ஊரெல்லாம் விசாரிச்சுக் கண்டுபிடிச்சதே அவர்தான் சிஸ்டர்" என்றாள் ஒரு நாள்.

"கண்டுபிடிச்சவருக்குக் கால் வலிக்குதாக்கும்" என்றார் சிஸ்டர்.

வகுப்பு முடிந்தும் வேன் உடனே கிளம்பாது. ஜன்னலிலிருந்து பார்த்தால், அவள் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். அவன் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பான். பாவம், வயிற்றுப் பிள்ளைக்காரி என்றுகூடப் பார்க்காமல் திட்டுகிறானே என்று சிஸ்டருக்கு வயிறு எரியும்.

பொறுக்கமாட்டாமல் ஒரு முறை இறங்கிப் போய் வேன் கண்ணாடியைத் தட்டினார். பெற்றால் மட்டும் போதாது, கூட நிற்கவும் தெரியவேண்டும் என்று நறுக்கென்று சொன்னார். அவன் காது சிவக்கக் கேட்டுக்கொண்டான். பதில் ஒரு வார்த்தை இல்லை.

எவ்வளவு திமிர் பாருங்கள் என்று படியேறும்போதே பொருமிக்கொண்டு வந்தார் சிஸ்டர்.

வலி எடுத்து அவள் வார்டுக்கு வந்தபோது சிஸ்டருக்குத்தான் டியூட்டி. பயந்தது போலவே ஆயிற்று. மூச்சு ஓட ஆரம்பித்தது. சிஸ்டர் எண்ணினார். அவள் காதில் ஏறவில்லை. உதடு வெளுத்து, விரல்கள் மடங்கிக்கொண்டன.

"அவரைக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்றாள்.

வந்தவனை ஓரமாக நிற்கச் சொல்ல வாயெடுத்தார் சிஸ்டர். அதற்குள் அவன் நேராக அவளிடம் போய், ஒருக்களித்துப் படுத்திருந்தவளின் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். மாடியில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே இடம்.

பிறகு வாயைத் திறந்தான்.

"ஒ... ஒ... ஒண்ணு."

சிஸ்டரின் கை அப்படியே நின்றது.

"ரெ... ரெ... ரெண்டு."

இளைய நர்ஸ் ஒருத்திக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. சிஸ்டர் முறைத்த முறைப்பில் அது வந்த வழியே போயிற்று.

"மூ... மூணு."

அடுத்த எண் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவளுக்கு அவன் சொல்லுக்காகக் காத்திருந்து பழக்கம். காத்திருந்தாள். அவளோடு சேர்ந்து மூச்சும் காத்திருந்தது. அவன் தடுக்கிய இடத்திலெல்லாம் அது நீண்டது, ஆழமானது. மிஷின் மெல்ல மெல்ல நின்றது. உதட்டில் நிறம் திரும்பியது. மடங்கிய விரல்கள் விரிந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டன.

அவன் வியர்த்து வழிய எண்ணினான். ஒரு வலிகூட விடாமல் எண்ணினான். கடைசியில் அவனைவிட உரக்க ஒரு குரல் கேட்டது. பெண் குழந்தை. அந்தக் குரலுக்குத் திக்கலும் இல்லை, தயக்கமும் இல்லை. அறையில் எல்லாரும் சிரித்தார்கள், அவனும்தான்.

சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி எண்ணுகிற யாரையும் பார்த்ததில்லை என்று மனசாரச் சொன்னார். அடுத்த மாதம் புது வகுப்பு தொடங்குகிறது, வந்து எல்லாருக்கும் எண்ணிக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். "இவ்வளவு அழகா எண்ணுறவர், ஏன் தம்பி ஒரு நாள்கூட மேலே வரலை?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் குழந்தையை மார்போடு அணைத்தபடி, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"முதல் நாளே நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க. 'ஆறு வரைக்கும் எண்ணவே திக்கித் திணறுற ஆம்பளைங்க எல்லாம் இப்பவே கீழ போய் உக்காந்துக்கோங்க'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. இவர் மட்டும் போயிட்டார்."

பதில் சொல்ல வாயெடுத்த சிஸ்டருக்கு வார்த்தை வரவில்லை.

அவன் அவசரப்படுத்தாமல் காத்திருந்தான்.