மழையில் எடுத்த படம்

டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகம். அதன் இணையதளத்தில் எவற்றையெல்லாம் பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பு இளஞ்செழியனுக்கு.

“அறிவிப்பு, விண்ணப்பம் எல்லாம் கட்டாயம். பழைய போட்டோக்களுக்கு விளக்கம் எழுதறதை மட்டும் விட்டுடலாம் அபூர்வா. கண்ணு தெரியாதவங்களுக்கு அது எதுக்கு?” என்றார் உதவியாளரிடம்.

“அந்தப் போட்டோ விஷயமாத்தான் ஒருத்தர் வந்திருக்கார் சார். ஆர்.கே.புரம் ஜகந்நாதன். நம்ம தமிழ்க்காரர்.”

வெள்ளைக் கோலுடன் ஒரு பெரியவர் உள்ளே வந்தார்.

“இந்தியா கேட்ல மழை பெய்யற படம் ஒண்ணு இருக்கும் சார். அதுல என்ன தெரியுதுன்னு சொல்றீங்களா?”

இளஞ்செழியன் தேடி எடுத்தார். “ஐஸ்கிரீம் வண்டிக்காரர் ஒரு குழந்தைக்குக் குடை பிடிச்சிட்டு, தான் நனைஞ்சிட்டு நிக்கறார்.”

“குழந்தை சிரிக்குதா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “ஆமா சார், வாய் நிறைய.”

“அப்பாடா! படம் நல்லா விழுந்திருக்கு.”

“என்ன சார் சொல்றீங்க?”

“எடுத்தது நான்தான். இந்த ஆபீஸ்ல போட்டோகிராபரா இருந்தேன். அன்னிக்குச் சாயங்காலமே ஆக்ஸிடென்ட்ல கண்ணு போயிடுச்சு. ஃபிலிமைக் கழுவினது அப்புறம்தான். இன்னிக்குத்தான் சார் அந்தப் படத்தைப் பார்க்கறேன்.”

இளஞ்செழியன் அபூர்வா பக்கம் திரும்பினார்.

“போட்டோ எல்லாத்தையும் லிஸ்ட்ல சேர்த்துக்கோ அபூர்வா” என்றவர், நாற்காலியைப் பெரியவர் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அடுத்த படம் சொல்றேன், கேளுங்க சார்.”