வீட்டுக்கு ஒரு வில்லன்

“நீங்கதான் பண்ணியிருப்பீங்க! வேற யாரு பண்ணுவா?”

ஷஹிந்தா கத்திய கத்தலில், தெருவில் போன தர்பூசணி வண்டிக்காரன் நின்று மாடியைப் பார்த்தான்.

அப்பா பயூமி, வாயில் போட்ட ஃபலாஃபில் வடையை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். நுண்கலைக் கல்லூரியின் வரைதல் தேர்வுக்குப் போய் வந்தாள் மகள். தேறியவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

கார்ட்டூன் படம் எடுக்க வேண்டும் என்பது அவள் கனவு. பள்ளி இறுதித் தேர்வில் அவள் வாங்கிய மார்க்குக்குப் பல் மருத்துவத்தில் கூப்பிட்டு இடம் கொடுப்பார்கள். அதைத்தான் படிக்க வேண்டும் என்று பயூமி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

“பல்லு எல்லாருக்கும் இருக்குடி. வலிச்சா அலறிட்டு ஓடி வருவான். கார்ட்டூன் பார்க்க முடியலைன்னு எவனாவது கன்னத்தைப் பிடிச்சுட்டு அழுதிருக்கானா?”

பயூமிக்குக் கழிப்பறைச் சாமான் வியாபாரம். அலெக்ஸாண்டிரியாவில் பாதிப் பேர் காலையில் உட்கார்வது அவர் விற்ற பீங்கானில்தான். அதில் அவருக்குப் பெருமை, மகளுக்கு வெட்கம்.

மனைவி நாஸ்லி வேறு ரகம். கல்லூரியில் பிரெஞ்சு இலக்கியம் சொல்லிக் கொடுப்பவள். வியாழன்தோறும் வீட்டில் கவிஞர்களும் ஓவியர்களும் கூடுவார்கள். “உன் மனசு சொல்ற வழியில போ கண்ணு. கலைதான் மனுஷனுக்கு மூச்சு” என்று அத்தனை பேர் முன்னாலும் மகளைக் கட்டிக்கொள்வாள். அவர்கள் கைதட்டிவிட்டு, பயூமி வாங்கி வைத்த பஸ்பூசா இனிப்பைத் தட்டோடு காலி செய்வார்கள்.

இப்போதும் நாஸ்லிதான் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“சத்தியமா நான் இல்லடி” என்றார் பயூமி.

“அந்தக் கல்லூரி முதல்வர் முனீர் வீட்டுக்குக் குளியல் தொட்டி போட்டுக் கொடுத்தது யாரு? அவர் உங்க கைக்குள்ளதானே?”

“தொட்டியில அவர் குளிக்கிறார். கூடவே நானும் உள்ள உட்கார்ந்திருக்கேனா?”

“உங்களுக்கு எல்லாமே கேலி! இனிமே என்கிட்ட பேசாதீங்க!”

அறைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. நாஸ்லி அவரை ஏறிட்டும் பார்க்காமல் மகள் பின்னாலேயே போனாள்.

பயூமிக்குப் பொறுக்கவில்லை. கடையைத் திறக்காமல் நேரே நுண்கலைக் கல்லூரிக்குப் போய் முதல்வர் முன்னால் நின்றார்.

“வாங்க ஹாஜியார், டீ சொல்றேன்…”

“டீ கிடக்கட்டும் டாக்டர். என் பொண்ணு தேறலையாமே? அவ என்னைக் கழுதையா வரைஞ்சு கடை வாசல்ல ஒட்டினா. தெருவுல போறவன் எல்லாம் அந்தக் கழுதைக்கு சலாம் சொல்லி, வியாபாரம் எப்படின்னு கேட்டுட்டுப் போனான். அப்படி வரையறவ உங்களுக்குப் பத்தலையா?”

முனீர் திகைத்தார். “நீங்கதானே அவ இதைப் படிக்கவே கூடாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தீங்க?”

“படிக்கக் கூடாதுன்னு நான் சொல்லலாம். நான் பெத்தவன். அவளுக்கு வரைய வராதுன்னு சொல்ல நீங்க யாரு?”

முனீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவ தோற்கல ஹாஜியார். அவ படத்துக்கு நாங்க மார்க்கே போடல. விட்டுடுங்கன்னு உங்க வீட்டுலேருந்து வந்து சொன்னாங்க.”

“எங்க வீட்டுலேருந்தா? யாரு?”

“உங்க சம்சாரம்தான். இதே நாற்காலியில உட்கார்ந்து அழுதாங்க. ‘வருஷக்கணக்கா இந்தக் கலைஞர்களுக்குக் காபி ஊத்துறேன் டாக்டர். கால் மேல கால் போடும்போது அவங்க ஷூவுக்கு அடியில இருக்கிற ஓட்டை எனக்குத்தான் தெரியும். என் பொண்ணுக்கு அது வேண்டாம். ஆனா நான் சொன்னேன்னு அவளுக்குத் தெரியக் கூடாது’ன்னாங்க. பெத்த தாய் கண்ணீர் விட்டா நான் என்ன பண்ண? நீங்க ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவுன்னு நினைச்சேன்.”

டீ வந்தது. சர்க்கரை போடாமலே ஒரே மடக்கில் குடித்தார் பயூமி.

இந்தச் சேதியைக் கொண்டுபோய் வீட்டில் போட்டு உடைத்தால் போதும். வாங்கிய திட்டுக்கெல்லாம் பதில் சொன்ன மாதிரி ஆகும். வியாழக்கிழமை வரை பொறுத்திருந்து, கவிஞர்கள் வாயில் பஸ்பூசா இருக்கும்போது உடைத்தால் இன்னும் ருசி. நினைத்ததுமே சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

“மார்க் போடுங்க டாக்டர்.”

“போட்டா நிச்சயமா தேறிடுவா. அப்புறம் உங்க பல் மருத்துவம்?”

“பல் டாக்டர் ஆகுடின்னு நாளைக்கும் கத்துவேன். அவ மூஞ்சிக்கு நேரா கத்துவேன். அவளும் திருப்பிக் கத்துவா. அது எங்களுக்குள்ள. இப்படி முதுகுக்குப் பின்னால வேண்டாம்.”

“சரி, போட்டுடலாம். ஏன் நிறுத்தி வச்சீங்கன்னு அவ வந்து கேட்டா நான் என்ன சொல்ல?”

“பயூமிதான் நிறுத்தச் சொன்னான், அப்புறம் அவனே வந்து கையைக் காலைப் பிடிச்சான்னு சொல்லுங்க.”

முனீர் வாயைப் பிளந்தார். “பண்ணாத தப்பை எதுக்கு ஹாஜியார் உங்க தலையில தூக்கிப் போட்டுக்கிறீங்க?”

பயூமி எழுந்து, தொப்பைக்கு மேல் ஏறியிருந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“என்னைத் திட்டுறதுல அவ ஏற்கெனவே பட்டமே வாங்கிட்டா டாக்டர். அம்மாவை வெறுக்கிறதுக்குன்னு புதுசா ஒரு படிப்பு எதுக்கு?”