நாற்பத்து மூன்று பேருக்கு ஒரு போன்

நாற்பத்து மூன்று பேர் எச்.ஐ.வி. சோதனை செய்துகொண்டதாகக் கணக்கு. அத்தனை பேருக்கும் ஒரே செல்போன் நம்பர்!

‘போலி பில்லேதான்’ என்று முடிவு கட்டிவிட்டார், மதுரை அலுவலகத்தில் பில் சரிபார்க்கும் லாசர். சோதனை மக்களுக்கு இலவசம். அதற்கான செலவைச் சோதனை மையத்துக்கு லாசரின் அலுவலகம் திருப்பித் தரும். வந்தவரின் போனுக்கு ஓ.டி.பி. போய், அதைக் கம்ப்யூட்டரில் அடித்தால்தான் பில் ஏறும்.

கையும் களவுமாகப் பிடிக்க, அந்த மையம் இருக்கும் பரவை ஊருக்கே கிளம்பி வந்தார். பைக்கை மார்க்கெட் பக்கம் நிறுத்திவிட்டு, இரண்டு தெரு நடந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. எச்.ஐ.வி. மையத்துக்குள் நுழைவதைத் தெரிந்தவன் எவனாவது பார்த்துத் தொலைத்தால்?

உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் ஹெல்மெட் இறங்கியது.

“யாரும்மா இந்த நம்பர்க்காரன்?”

நர்ஸ் எஸ்தர் ஜன்னல் வழியே எதிர் டீக்கடைக்குக் குரல் கொடுத்தாள். “பாய்! கொஞ்சம் வந்துட்டுப் போங்க.”

டீக்கடை சேக் இஸ்மாயில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “என் நம்பர்தான் சார்.”

“ஏன் பாய், நாப்பத்து மூணு தடவையும் நீங்களா டெஸ்ட் எடுத்தீங்க?”

“நான் ஒருக்கக்கூட எடுக்கலை சார். இங்க வர்றவுக ஊசிக்குக் கையை நீட்டிருவாக. போன் நம்பரைக் கேட்டா எந்திரிச்சு ஓடிருவாக.”

“ஓ.டி.பி.யோட முடிஞ்சாப் பரவாயில்லை சார்” என்றாள் எஸ்தர். “மூணு மாசத்துக்கு ஒருக்க, காலையில சரியா ஆறு மணிக்கு ‘எச்.ஐ.வி. மறுசோதனைக்கு வாருங்கள்’னு மெசேஜ் வரும். அந்நேரம் போன் வீட்டுல யார் கையில இருக்குமோ!”

“அதான் என் நம்பரைப் போட்டுக்கங்கன்னேன்” என்றார் பாய். “மொத மெசேஜைப் பார்த்ததுமே என் பொண்டாட்டி சபியா, சமயநல்லூர்ல அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா.”

“அப்புறம்?”

“இருபது மெசேஜ் சேர்ந்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். ‘ஒரு மனுசன் இம்புட்டுத் தடவையா டெஸ்ட் எடுப்பான்’னு சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்துட்டா.”

லாசருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“ரூல்னா ரூல்தான். ஆளுக்கொரு நம்பர் வேணும். சொந்த நம்பரைக் குடுக்க எதுக்கு வெக்கப்படணும்? மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?”

“பில்லை நிறுத்திட்டா அடுத்த மாசம் மையத்தைப் பூட்டணும் சார்.” எஸ்தரின் கண் கலங்கிவிட்டது.

லாசர் மையத்துக் கம்ப்யூட்டரில் அந்த பில்லைத் திறந்தார். ‘நிராகரி’ என்ற பட்டனை அமுக்கினார்.

‘ஆய்வுக்கு வந்தவரின் செல்போன் நம்பர்?’ என்று கேட்டது கம்ப்யூட்டர்.

“என் நம்பர் எதுக்கு?”

“நிராகரிச்சாலும் ஏத்துக்கிட்டாலும் உங்களுக்கும் ஓ.டி.பி. உண்டு சார்” என்றாள் எஸ்தர். “ அப்புறம் அந்த ஆறு மணி மெசேஜும் வரும். யாரு ஆபீசரு, யாரு டெஸ்டுக்கு வந்தவருன்னு சிஸ்டத்துக்குத் தெரியாது.”

லாசரின் விரல் அந்தரத்தில் நின்றது.

தினமும் காலை ஆறு மணிக்கு அவர் மனைவி ஆனிமேரி பைபிள் வாசிப்பது அவருடைய போனில்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஓர் எழுத்து விடாமல் வாசிப்பாள்.

அவசரமாக ‘நிராகரி’யை ரத்து செய்துவிட்டு ‘ஏற்பு’ பட்டனை அமுக்கினார். கம்ப்யூட்டர் விடுவதாயில்லை. மறுபடியும் நம்பர் கேட்டது.

லாசர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். அதற்குள்ளிருந்து குரல் மெதுவாக வந்தது.

“பாய்... நாப்பத்து நாலாவதா என்னையும் உங்க நம்பர்லயே சேர்த்துக்கங்களேன்.”