கழுத்தில்லாத அத்திப்பழங்கள்

"பையில என்னடி?"

இருட்டறை அதிர நெபாஹத் அக்கா அதட்டினாள். பழங்கள் ஓடிவரும் பெல்ட்டையும் அவளே நிறுத்தினாள்.

ஹாஜெரின் மேலங்கிப் பையிலிருந்து நழுவிய ஓர் அத்திப்பழம் ஊதா விளக்கின் அடியில் கிடந்தது. பச்சையாக மின்னியது.

எங்கள் ஊரில் உலர்ந்த அத்தியை இருட்டில்தான் பொறுக்குவோம். பகல் வெளிச்சத்தில் எல்லாப் பழமும் யோக்கியம், தின்றாலும் தித்திக்கும். ஊதா விளக்கைப் போட்டால்தான் பூஞ்சை விஷம் ஏறியது பல்லிளிக்கும். அதைக் கறுப்பு வாளியில் போட்டுவிடுவோம்.

கறுப்பு வாளியைத் தொட எங்கள் மேஸ்திரி நெபாஹத் அக்காவைத் தவிர யாருக்கும் அனுமதியில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் மூன்று சக்கர வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டு போவார், குழி தோண்டிப் புதைக்க. "இந்தப் பாவத்தை மண்ணுதான் தாங்கும்" என்பாள் அக்கா. முதலாளிக்குக் கண் கலங்கிவிடும்.

"எல்லாத்தையும் வெளியில எடு!"

ஹாஜெர் எடுத்தாள். ஐந்தாறு பழங்கள். அத்தனையும் மின்னின.

"ஏண்டி, திருடறதுதான் திருடற, நல்லதா பார்த்துத் திருடக் கூடாதா?" என்றேன் நான். நாலு பேர் சிரித்தார்கள்.

ஹாஜெர் ஊசி வாங்கினால் நூலை இனாமாகக் கேட்கிற ரகம். ஆனாலும் விஷத்தைத் திருடுவாளா?

"சிரிக்காதீங்கடி!" அக்கா ஒரு பழத்தைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்க, கழுத்து இல்ல. இது யார் வேலை?"

எங்களுக்குத் தெரியும். கெட்ட பழம் கையில் சிக்கினால் ஹாஜெர் அதன் காம்பைக் கோழிக் கழுத்தைத் திருகுவது போலத் திருகி எறிந்துவிட்டுத்தான் வாளியில் போடுவாள். அவள் ஒருத்திக்குத்தான் அந்த வழக்கம்.

"என் வேலைதான் அக்கா" என்றாள் ஹாஜெர்.

"வாளியிலேருந்து எடுத்து ஊராருக்கு விக்கிறியா? இது பிள்ளைங்க ஈரலையே தின்னுடும்டி! பெத்தவதானே நீ? ஹராமான காசுல உன் மகளுக்கு ரொட்டி இறங்குமா? இன்னைக்கே கணக்கை முடிச்சிட்டுக் கிளம்பு!"

ஹாஜெர் புருஷன் இல்லாதவள். இந்த வேலை போனால் அவளும் மகள் இபெக்கும் என்ன செய்வார்கள்?

"ஹாஜெர், வாயைத் திறந்து ஏதாவது சொல்லேண்டி" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "நான் இங்கேருந்து எடுத்துட்டுப் போகல அக்கா. வெளியிலேருந்து கொண்டு வந்தேன்."

"என்னது?"

"நேத்து சந்தையில பாதி விலைக்குக் கிடைச்சுது. இபெக்குக்கு அத்தின்னா உசுரு. ஒண்ணைத் தின்னுட்டா. ரெண்டாவதை வாய்கிட்ட கொண்டு போறப்பதான் பார்த்தேன், கழுத்து இல்ல. தட்டுல இருந்த ஒண்ணுக்கும் இல்ல. பிடுங்கிட்டேன். ராத்திரி பூரா அழுதா. நமக்குத்தான் வீண் சந்தேகமோன்னு விளக்குல வெச்சுப் பார்க்கலாம்னு கொண்டு வந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வீடுகளிலும் அந்தச் சந்தைப் பழம்தான்.

"சரி சரி, ஏதோ தப்பு நடந்திருக்கு" என்றாள் அக்கா அவசரமாக. குரலில் பாதியைக் காணோம். "பெல்ட்டைப் போடுங்கடி. ஜெர்மனிக்குப் போற லாரி காத்துக்கிட்டிருக்கு."

"ஜெர்மனிக்காரன் பிள்ளை கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும் அக்கா" என்றேன். "ஹாஜெர், யார்கிட்டடி வாங்கின?"

"வேணாமே. அக்கா முகத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசாம இருந்தேன்."

"என் முகத்துக்கு என்னடி?" என்று தன்னை மறந்து கத்திவிட்டாள் அக்கா.

ஹாஜெர் பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கறுப்பு வாளியில் போட்டாள். பிறகு மரியாதையாகவே சொன்னாள்:

"ஒண்ணுமில்லக்கா. நீங்க புதைக்கிறதெல்லாம் உங்க வீட்டுக்காரர் தராசுலதான் முளைக்குது."