பால் டம்ளரில் வந்த முன்பல்

பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் எட்டு வயதுக்காரி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறாள். காலையில் இவளை ஊஞ்சலிலிருந்து தள்ளிவிட்ட அத்தை மகள் சுவரோரம் நிற்கிறாள். உடைந்த முன்பல் துண்டைப் பால் டம்ளரில் போட்டு, வழியெல்லாம் சிந்தாமல் சுமந்து வந்தது அத்தைதான். "விளையாட்டுல பட்டுடுச்சு அண்ணி," என்று மூன்றாவது முறையாகச் சொல்கிறாள். பல் உடைந்தவளைப் பெற்ற அண்ணி சுவர்க் கடிகாரத்திடம் பேசுவதுபோல, "பட்டுச்சா, பட வச்சாங்களா?" என்கிறாள். பக்கத்து வீட்டிலிருந்து துணைக்கென்று கூடவே வந்த எனக்குப் பொழுது நன்றாகவே போகிறது. டாக்டர் துண்டில் பசை தடவிப் பல்லோடு பொருத்தி, பசை இறுகப் பேனா மாதிரியான விளக்கால் நீல வெளிச்சம் பிடிக்கிறார். விளக்கு பீப் என்கிறது. உடைந்த இடம் தலைமுடி அளவுகூடத் தெரியவில்லை. அத்தைக்கு அப்போதுதான் மூச்சு வருகிறது. "ரெண்டு வாரத்துக்கு இந்தப் பல்லால கெட்டியா எதையும் கடிக்கக் கூடாதும்மா," என்கிறார் டாக்டர். எட்டு வயதுக்காரி சுவரோரம் நிற்பவளின் கொழுகொழு முன்கையை அளவெடுப்பதுபோலப் பார்க்கிறாள். "கை கெட்டியா டாக்டர்?" அத்தை மகள் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.